காசநோயும் நாடுகளின் கணக்கும்

எலும்புருக்கி நோய் என்றும் க்ஷயம் என்றும் நம் முன்னோர் பெயரிட்டு அஞ்சிய நோயே இன்று காசநோய் என வழங்குகிறது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் மக்கள் இந்நோய்க்கு ஆளாயினர். 12 லட்சத்து 30 ஆயிரம் பேர் மாண்டனர். நோயுற்றோரில் நான்கில் ஒரு பங்கினர் நம் நாட்டினர். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை தரும் கணக்கு இது. ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் இக்கணக்கினால் ஆவதென்ன என்று கேட்கலாம். ஆவது உண்டு என்பதைக் காட்டவே இதனை எழுதுகிறோம்.

நோயின் மிகுதியை அளக்க, ஒரு லட்சம் மக்களில் ஆண்டுக்கு எத்தனை பேர் புதிதாக நோயுறுகின்றனர் என்று பார்ப்பது வழக்கம். 2023ஆம் ஆண்டில் அவ்வெண் பிலிப்பைன்ஸில் 643, இந்தோனேசியாவில் 387, பாகிஸ்தானில் 277, இந்தியாவில் 195, சீனத்தில் 52. அமெரிக்காவிலோ ஏறக்குறைய 3. நோய்க்கிருமி எல்லா நாட்டிலும் ஒன்றே; மருந்தும் ஒன்றே. வேறுபடுவன வீடும், உணவும், நோயை விரைந்து கண்டறியும் ஏற்பாடும் ஆகும். நம் நாட்டில் 2015இல் 237 ஆக இருந்த எண் 2024இல் 187 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு 21 குறைந்தது நன்றே. ஆயினும் 2025ஆம் ஆண்டுக்குள் நோயை ஒழிப்பதென்று நாம் வைத்துக்கொண்ட குறிக்கோளுக்கு அது நெடுந்தொலைவில் நின்றது.

பணத்தின் நிலை இதனினும் கவலை தருவது. நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் 2027ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 2,200 கோடி டாலர் வேண்டுமென நாடுகள் ஐக்கிய நாடுகள் சபையில் ஒப்புக்கொண்டன. 2024இல் கிடைத்தது 590 கோடி. அதாவது நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி. இத்தொகையில் பெரும்பகுதி அந்தந்த நாடுகள் தம் கருவூலத்திலிருந்து செலவிடுவது. இந்தியாவும் சீனமும் பிரேசிலும் பெரும்பாலும் தம் கைப்பொருளையே நம்பியுள்ளன. ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள் பலவோ வெளியார் உதவியை நம்பியவை. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அந்நாடுகளில் மருந்து வழங்கலும் சளிப் பரிசோதனையும் தடைப்பட்டன. மேலணையிலிருந்து வரும் நீரை மட்டுமே நம்பிய கடைமடை வயலுக்கு, முறை நீர் நின்ற ஆண்டில் நேரும் நிலையை நம் உழவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குறைந்த பொருளைக் கொண்டு இந்நோயை எதிர்ப்பது எப்படி என்பதை உலகுக்குக் காட்டியது நம் மாநிலமே என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். முற்காலத்தில் இந்நோய்க்கு மருத்துவம் என்றால் ஆரோக்கிய நிலையத்தில் மாதக்கணக்கில் படுத்திருப்பதே. மதனப்பள்ளியிலும் தாம்பரத்திலும் அத்தகைய நிலையங்கள் எழுந்தன. நம் பகுதியில் தஞ்சை–திருச்சி சாலையில் செங்கிப்பட்டி மருத்துவமனையை அறியாதார் இல்லை. ஆனால் இருந்த படுக்கைகள் சில ஆயிரம். நோயாளிகளோ பல லட்சம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை நடத்தினார். ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்தில் சேர்த்து நல்லுணவும் ஓய்வும் தந்தனர். மறு பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருந்து, அதே மருந்தை ஓராண்டு உண்டனர். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பற்றவும் இல்லை. கட்டடமின்றிப் படுக்கையின்றி மருந்தை வீட்டுக்கே கொண்டு செல்லும் முறை இதன் பின்னரே உலகெங்கும் பரவிற்று.

இம்முடிவைச் சிலர் தவறாகப் பொருள் கொண்டனர்: மருந்து போதும், உணவு பெரிதன்று என்று. கிருமியைக் கொல்வது மருந்தே, ஐயமில்லை. ஆனால் நோயுற்றவர் உயிர் பிழைக்கவும், வீட்டிலுள்ள பிறர் நோயுறாதிருக்கவும் உடலில் வலு வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு இதனை ஐயமற மெய்ப்பித்தது. நோயாளிகள் 2,800 பேருக்கும் மாதம் 10 கிலோ உணவுப்பொருள் வழங்கப்பட்டது. ஒரு பகுதியினரின் குடும்பத்தாருக்கு மட்டும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கூடுதலாகத் தந்தனர். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோயுற்றோர் தொகை, பெறாத குடும்பங்களினும் நூற்றுக்கு 39 குறைந்தது. இத்தகைய பயனைத் தரும் தடுப்பூசி எதுவும் பெரியவர்களுக்கு இன்று வழக்கில் இல்லை.

நெற்களஞ்சியத்தில் வாழும் நாம் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். நம் விவசாயத் தொழிலாளர் வீட்டில் குறைவது அரிசியன்று. நியாயவிலைக் கடையில் அது விலையின்றிக் கிடைக்கிறது. குறைவன பருப்பும், முட்டையும், பாலும். போதாக்குறைக்கு, நோயாளி வேலைக்குப் போகாத நாளில் கூலியும் இல்லை. நடவும் அறுப்பும் தொடங்கியவுடன், உடல் சற்றே தேறியவர் மாத்திரையை மறந்து வயலுக்கோ திருப்பூருக்கோ சென்றுவிடுவதை நாம் காண்கிறோம். ஆறு மாத மருந்தை இடையில் விட்டவரிடம் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். இன்னொன்று: வீடு வீடாகச் செல்கையில் இருமுபவரைக் கேட்டால், பதர்த் தூசி என்பார், பீடி என்பார். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலும், மாலைக் காய்ச்சலும், எடை குறைதலும் தூசியால் வருவனவென்று இருந்துவிடலாகாது. நீரிழிவு உள்ளவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. நம் ஊர்களில் நீரிழிவு எத்துணைப் பெருகியுள்ளது என்பது யாவரும் அறிந்ததே.

இனி ஊராட்சியின் கடமைக்கு வருவோம். ‘காசநோய் இல்லா ஊராட்சி’ என்னும் சான்றிதழை 2023 முதல் மத்திய அரசு ஏற்படுத்தியுள்ளது. அதற்குரிய நிபந்தனைகளுள் முதன்மையானவை இரண்டு: ஆயிரம் பேருக்கு 30 பேரையேனும் ஓராண்டில் பரிசோதித்திருக்க வேண்டும், ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேல் நோயாளி இருக்கலாகாது. மூவாயிரம் மக்கள் உள்ள ஊரில் 90 பரிசோதனைகள், மூன்றுக்கு மேற்படாத நோயாளிகள். நாட்டின் பொது விகிதப்படி அவ்வூரில் ஐந்தாறு பேர் இருக்கக்கூடும். எனவே ஒழுங்காகத் தேடும் ஊருக்குச் சான்றிதழ் தவறிப்போகலாம். அதில் இழிவேதும் இல்லை. சான்றிதழுக்காக ஒரு நோயாளியை ஏட்டில் ஏற்றாமல் விடுவது, அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நோயைக் கொடுப்பதாகும். எம் கருத்தில் முதல் நிபந்தனையே பெரிது.

நோய் கண்டவுடன் செய்ய வேண்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. இறப்போரில் பெரும்பாலோர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே இறக்கின்றனர். ஆகவே தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், எடை மிகக் குறைந்தோர், மூச்சு வாங்குவோர், பிறர் துணையின்றி நிற்க இயலாதோர் ஆகியோரை முதல் நாளிலேயே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கின்றனர். தாங்கிப் பிடித்தால்தான் நிற்கிறார் என்பதைக் காண மருத்துவர் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரே போதும்.

உணவுக்கென நோயாளியின் வங்கிக் கணக்கில் 2018 முதல் மாதம் 500 ரூபாய் செலுத்தப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆயிற்று. கணக்கு இல்லாதவருக்கும், கணக்கு முடங்கியவருக்கும் அது கைக்கு வருவதில்லை. வங்கிக்கு உடன் சென்று இதனைச் சரிசெய்ய ஓர் உறுப்பினருக்கு அரைநாள் போதும்.

அத்தொகை நோயாளிக்கே சரியாகும். குடும்பத்தாரின் பருப்புக்கு என் செய்வது? சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி நம் வயல்களில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம். நால்வர் கொண்ட குடும்பத்துக்குத் தலைக்கு ஒன்றரைக் கிலோ வீதம் மாதம் 6 கிலோ. ஆறு மாதத்துக்கு 36 கிலோ. ஊரில் ஆறு நோயாளிக் குடும்பங்கள் இருப்பினும் மொத்தம் 216 கிலோ. நன்கு விளைந்தால் ஓர் ஏக்கர் உளுந்து ஏறத்தாழ அவ்வளவு தரும். விளைவு குன்றினால் இரண்டு ஏக்கர். களத்தில் ஆளுக்கு ஒரு மரக்கால் அளந்து வைத்தால் ஊருக்கு இது பாரமாகாது. மார்ச் 22ஆம் நாள் கிராம சபை கூடும் பொழுது, பயறு களத்துக்கு வரும் காலமும் ஏறக்குறைய அதுவே.