முகத்தில் மங்கு! "லேசர்" போக்குமா?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் உள்ளன. முகத்தில் மங்கு உள்ளவர்களுக்கு உலை அனலும் ஆகாது, வெயிலும் ஆகாது. இரண்டும் மங்கைக் கருக்கச் செய்யும்.

"லேசர்" வைத்தால் போய்விடுமா?

லேசர் என்பது ஒளி. 1960-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி மைமன் முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். தோலில் உள்ள கருநிறப் பொருள் இந்த ஒளியை வாங்கிச் சூடேறிச் சிதறும். நம்மவர் தோலில் அந்தப் பொருள் அதிகம். அளவு தவறினால் தோல் வெந்துவிடும். புதிய கறுப்பு விழும். போன மங்கும் திரும்பி வரலாம்!

"ஸ்டீராய்டு" களிம்பு முதலில் முகத்தை வெளுக்கச் செய்யும். நாளடைவில் தோலை மெலிய வைக்கும். இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது.

முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள். வெயிலில் குடை பிடியுங்கள். வெயில் தடுப்புக் களிம்பு பூசுங்கள். இவை இல்லாவிட்டால், லேசருக்குக் கொட்டும் பணம் வீண்!