தலையைக் கொடு... புக்கைப் பிடி!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு... எந்த ஏரியாவுல ரூம் எடுத்தாலும் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு ஒரே கவலைதான். 'யாரை நம்பி தலையைக் கொடுக்குறது மச்சி?' சொதப்பினா ஒரு மாசத்துக்குத் தொப்பிதான்!

இதுக்கு ஒரு சிம்பிள் டெஸ்ட். கத்தரியை எடுக்கறதுக்கு முன்னாடி, 'எப்படி வேணும் தம்பி?'ன்னு கேட்டு, சுழி எந்தப் பக்கம்னு பார்க்கிறாரா? அவரை விடாதீங்க. முதல் தடவை, 'லைட்டா டிரிம்' போதும். வெட்டின முடியை ஒட்ட முடியாதே!

நல்ல கைன்னா ஞாயிற்றுக்கிழமை க்யூ நிச்சயம். அதுக்குத்தான் க்ரைம் நாவல்! சுஜாதாவின் கணேஷ் - வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, இல்லே, ராஜேஷ்குமார்... யாரையாவது கூட்டிட்டுப் போங்க. 'அடுத்து யாரு?'ன்னு குரல் வந்தா, கொலைகாரன் யாருன்னு தெரியாம எழுந்திரிக்கவே மனசு வராது!

சலூனையே லைப்ரரி ஆக்கினவரும் இருக்கார். எட்டாவதோட படிப்பை விட்ட தூத்துக்குடி பொன்.மாரியப்பன், பத்து பக்கம் படிக்கிறவங்களுக்குத் தள்ளுபடி கொடுத்தார். 2020 அக்டோபர்ல பிரதமரே அவரோட தமிழ்ல பேசினார்.

நம்ம ஏரியா சலூன்லயும் ஆரம்பிக்கலாமே? படிச்சு முடிச்ச நாவலை அங்கேயே வெச்சுட்டு வாங்க. கொலைகாரன் பேரை மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்!