தூக்கத்தை அளக்கும் கேள்வித்தாள் கோட்டைப்பட்டினத்துக்குப் பொருந்துமா?

"கடந்த ஒரு மாதத்தில் வழக்கமாக இரவு எத்தனை மணிக்குப் படுக்கப் போனீர்கள்?" புதுக்கோட்டைக் கடற்கரையின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளில் மீன்பிடிக்கப் போகிறவரிடம் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? கடலில் கழியும் இரவுகளில் வலை வேலைக்கு நடுவே கண்ணயர்வதுதான் தூக்கம். கரைக்கு வந்த பிறகு பகலில் உறங்குவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கேட்டால் அதே மனிதரின் பதில் மாறிவிடும்.

தூக்கத்தின் தரத்தை அளக்க உலகெங்கும் மருத்துவ ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பிட்ஸ்பர்க் கேள்வித்தாளின் முதல் கேள்வி இது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்டது. மொத்தம் 19 கேள்விகள். தூங்க எவ்வளவு நேரமாகிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறோம், இடையில் ஏன் விழிக்கிறோம், மாத்திரை போடுகிறோமா என ஏழு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருவார்கள். கூட்டுத்தொகை 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். மூல ஆய்வில், தூக்கக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரை இந்த எல்லைக்கோடு சரியாகவே கண்டுபிடித்தது.

அந்த 90, அமெரிக்காவில் ஆங்கிலத்தில் பதில் சொன்னவர்களிடம் கிடைத்த எண். வேறு மொழிக்குப் போகும்போது அதுவும் கூடவே வந்துவிடாது. அங்கே தாளைப் புதிதாகச் சோதிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, உருதுவில் மொழிபெயர்த்துச் சோதித்து 2014-இல் வெளியிட்டவர்கள் பாகிஸ்தான் மருத்துவர்கள். இத்தகைய பணிக்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். எங்கே பொருள் நழுவியது என்பது அப்போது தெரியும். பிறகு முப்பது நாற்பது பேரிடம் கொடுத்து, கேள்வியை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று விசாரிப்பார்கள்.

மெய்யான சோதனை அதற்குப் பிறகுதான். ஒரே விஷயத்தை அளக்கும் கேள்விகளுக்கு வரும் விடைகள் ஒன்றோடொன்று இசைந்திருக்கின்றனவா என்று கணக்கிடுவார்கள். அந்த இசைவு எண் 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்பது வழக்கம். சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்பார்கள். முடிந்தால் மூளை அலைகளையும் மூச்சையும் பதிவுசெய்யும் தூக்க ஆய்வோடு ஒப்பிடுவார்கள். 5 என்ற எல்லைக்கோடு இந்த மக்களுக்கும் சரிதானா என்பதையும் புதிதாகத்தான் பார்க்க வேண்டும்.

பாகிஸ்தானில் தேறிய தாளை, உருது பேசும் முஸ்லிம்கள் வாழும் வாணியம்பாடியிலோ திருவல்லிக்கேணியிலோ அப்படியே கொடுத்துவிடலாமா? கூடாது என்பேன். இங்கே அவர்கள் வீடுகளில் பேசுவது தக்கணி உருது. அதைப் பேசுகிறவர்கள் எல்லோரும் உருது எழுத்தைப் படிப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. புதுக்கோட்டைக் கடற்கரை முஸ்லிம்களோ பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள். அவர்களுக்குத் தமிழ்த் தாளே வேண்டும். ஆனால் அதிகாலைத் தொழுகைக்கு எழும் வழக்கம் இரு மொழி முஸ்லிம்களுக்கும் பொது. 'நடு இரவிலோ அதிகாலையிலோ விழித்துவிடுவதால் எத்தனை முறை தூக்கம் கெட்டது' என்ற கேள்விக்கு அவர்கள் தொழுகைக்கு எழுவதையும் சேர்த்துச் சொன்னால், தாள் அதைத் தூக்கக் குறைபாடாக எண்ணிவிடும். நோன்பு மாதத்தில் கேட்டால் கணக்கு மேலும் குழம்பும்.

புதுக்கோட்டையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தால் நாடறிந்த மாவட்டம் இது. அன்று எழுத்துக் கற்ற பெண்கள் இன்று பாட்டிகள். தானே படித்து நிரப்பும் தாளை அவர்களில் பலருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். செவிலியர் கேட்க, பக்கத்தில் மகனோ மருமகளோ நிற்க, தூக்கம் ஏன் வரவில்லை என்பதற்கு உள்ளபடி பதில் வருமா? வாய்மொழியாகக் கேட்பதென்றால் அந்த முறையையும் தனியே சோதிக்க வேண்டும். வண்டி ஓட்டும்போதோ சாப்பிடும்போதோ பிறரோடு பழகும்போதோ கண் சொக்குகிறதா என்ற கேள்வியில், வண்டி பற்றிய பகுதி வண்டி ஓட்டாதவர்களிடம் வீண்தான்.

புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மீனவர்களையும் வயல்வேலைப் பெண்களையும் வைத்து இந்தச் சோதனையைச் செய்ய அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதம் தூக்கம் கெட்டால், அல்லது குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டார் சொன்னால், மருத்துவரைப் பாருங்கள். அங்கே இப்படியொரு தாளைக் கொடுத்து, அதில் ஒரு கேள்வி உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்றால், ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வராதீர்கள். பொருந்தவில்லை என்றே சொல்லுங்கள்.