பெடல் அச்சுக்கு எத்தனை அளவு?

சைக்கிளின் பெடல்களைத் தாங்கும் இரண்டு கிராங்க்குகளையும் இணைக்கும் அச்சு, பிரேமின் அடியில் உள்ள குறுக்குக் குழலுக்குள் சுழல்கிறது. இந்தப் பகுதிக்குப் பாட்டம் பிராக்கெட், சுருக்கமாக பி.பி. என்று பெயர். மிதிக்கும் விசை முழுவதும் இறங்குவது இங்கேதான். மழைநீரும் சேறும் போய்த் தங்குவதும் இங்கேதான். எனவே அவ்வப்போது பிரித்துப் பூட்டியே ஆகவேண்டிய இடம் இது.

பி.எஸ்.ஏ. மரை எனப்படும் பழைய அமைப்பில் குழலின் உட்புறம் 1.37 அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 24 மரை வெட்டப்பட்டிருக்கும். இருபுறமும் பால்ரஸைத் தாங்கும் கப்பைத் திருகினால் வேலை முடிந்தது. வலப்பக்கக் கப் மட்டும் இடமரை. சாதாரண மரையாக இருந்தால், மிதிக்கிற மிதியில் கப் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். இத்தாலியர்கள் தங்கள் 36 மி.மீ. அமைப்பில் இரு பக்கமும் வலமரையே வைத்தார்கள். அதனால் வலப்பக்கக் கப் கழலும் தொல்லையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள்.

பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குல பால்ரஸ். கடகடவென்று சத்தம் வந்தால் கப்பைக் கழற்றி, பால்ரஸை மண்ணெண்ணெயில் அலசி, தேய்ந்ததைத் தூக்கிப்போட்டு, கிரீஸ் வைத்து மூட வேண்டியதுதான். மரத்தடிக் கடையிலும் இதற்கு உதிரி கிடைக்கும். காரணம் எளிது: அளவு மாறவில்லை.

பந்தய சைக்கிளுக்கு எடை குறைய வேண்டும், அச்சு வளையக் கூடாது. உள்ளீடற்ற தடித்த அச்சு இரண்டையும் தரும். 2003இல் ஷிமானோ 24 மி.மீ. அச்சைக் கொண்டுவந்து, பேரிங்கைக் குழலுக்கு வெளியே வைத்தது. பழைய மரை அப்படியே இருந்ததால் பழைய பிரேமிலும் அது பொருந்தியது. பிபி30 அமைப்பில் 30 மி.மீ. அச்சு, மரை கிடையாது, பேரிங்கை 42 மி.மீ. குழலுக்குள் நேராக அழுத்தி ஏற்ற வேண்டும். அடுத்து பிஎஃப்30க்கு 46 மி.மீ. துளை, பிபி86க்கு 41. ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரிங், கழற்ற ஏற்றத் தனிக் கருவி. சுத்தியலால் தட்டி ஏற்றினால் பேரிங் பாழ்.

அழுத்தி ஏற்றும் முறைக்குத் துளை மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். வார்ப்பச்சில் உருவாக்கும் கார்பன் பிரேமில் அது எளிதல்ல. மயிரிழை பிசகினாலும் மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சிடும். உலோக மரைக் குழலைப் பதிக்கும் செலவு மிச்சமானது தயாரிப்பாளருக்கு, சத்தம் வாங்கியவருக்கு.

டயரில் குழப்பம் வேறு விதம்: ஒரே பெயர், பல அளவு. "26 அங்குலம்" என்று கேட்டால் மலைச் சைக்கிள் டயரின் உள்விட்டம் 559 மி.மீ.; 26 x 1⅜ டயருக்கு 590. ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது. டயரின் பக்கவாட்டில் ஐ.எஸ்.ஓ. 5775 முறைப்படி அச்சிடும் எண்ணைப் பார்த்து வாங்குவதே நல்லது. 40-635 என்றிருந்தால் அகலம் 40, உள்விட்டம் 635 மி.மீ.; அது 28 x 1½, பழைய கறுப்புச் சைக்கிளின் டயர்.

பி.பி. விஷயத்தில் தயாரிப்பாளர்களே இப்போது திரும்பி நடக்கிறார்கள். தடித்த அச்சையும் ஏற்கும் 47 மி.மீ. மரை அமைப்பான டி47, 2015இல் வந்தது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனமோ 2020இல் வெளியிட்ட டார்மாக் எஸ்எல்7 பந்தய சைக்கிளில் மீண்டும் அந்தப் பழைய 1.37 அங்குல மரையையே வைத்தது.