பங்களா விடுதியாகலாம்; லயம் சொந்த வீடாகுமா?

புது தில்லி: மூணாறு மலையில் பயன்பாட்டில் இல்லாத பழைய தோட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றைத் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகளாக மாற்ற ஒருவர் முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த விண்ணப்பம் எத்தனை மேஜைகளைக் கடக்க வேண்டும்?

முதலில் ஊராட்சியின் கட்டட அனுமதி. அதைப் பெறுவதற்கு முன் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். மூணாறு பகுதியில் 2010-ல் கேரள உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் பேரில் வந்த நிபந்தனை இது. அடுத்தது நிலத்தின் தன்மை. தேயிலைத் தோட்டங்கள் நில உச்சவரம்பிலிருந்து தப்பியிருப்பது 1963-ம் ஆண்டு கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 81-வது பிரிவு அளிக்கும் விலக்கினால்தான். தோட்டத்துக்குத் தொடர்பில்லாத பயன்பாட்டுக்கு நிலத்தை மாற்றினால் அந்த விலக்கே கேள்விக்குறியாகும். இத்தனை மேஜைகளையும் கோப்பு கடந்துவிட்டாலும், மாற்றப்பட்ட வீடு நிர்வாகத்தின் உடைமையாகவே இருக்கும். தொழிலாளியின் பெயருக்கு வராது.

இடுக்கி மாவட்டத்தில் கட்டட அனுமதி என்பது பல தேர்தல்களின் போக்கைத் தீர்மானித்த விஷயம். 1964-ம் ஆண்டு நிலப் பதிவு விதிகளின்படி பட்டா வழங்கப்பட்ட நிலத்தில் சாகுபடி செய்யலாம், குடியிருக்கலாம். காலப்போக்கில் அதே நிலங்களில் கடைகள், பள்ளிகள், மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள் எழுந்தன. 2007-ல் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் அனுப்பிய 3 அதிகாரிகள் கொண்ட குழு மூணாறில் ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிக்கத் தொடங்கியபோது நாடே திரும்பிப் பார்த்தது. கூட்டணிக் கட்சியான இந்திய கம்யூனிஸ்ட் அலுவலகத்தின் முகப்பில் இயந்திரம் கை வைத்ததும் அரசுக்குள்ளேயே பூசல் வெடித்தது. நடவடிக்கையும் வேகம் இழந்தது.

பயன்பாட்டு மாற்றங்களை முறைப்படுத்தும் சட்டத் திருத்தத்தைக் கேரளப் பேரவை 2023 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் ஆரிஃப் முகமது கான் ஒப்புதல் தருவதில் தாமதம் செய்கிறார் என்று கூறி, அவர் தொடுபுழா வந்த 2024 ஜனவரி 9-ம் தேதி இடது முன்னணி மாவட்டம் முழுவதும் முழு அடைப்பு நடத்தியது. அந்த ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. விதிகளுக்கு 2025 ஆகஸ்டில் அமைச்சரவை இசைவு தந்தது.

குடியேறிய சிறு விவசாயி தன் மகனுக்காகக் கட்டிய கடைக்கு அனுமதி கேட்டுப் பல ஆண்டுகள் அலைந்தார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கதவின் வழியே விடுதி உரிமையாளர்களும் நுழைந்துவிடுவார்கள் என்ற விமர்சனமும் உண்டு. இந்த விவாதம் எதிலும் இடம்பெறாதவர் தோட்டத் தொழிலாளி. சட்டம் பேசுவது பட்டாதாரரைப் பற்றி. அவரிடம் பட்டா இல்லை.

57 ஆயிரம் ஏக்கரும் ஓர் அறையும்

பூஞ்சாறு சிற்றரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 1877-ல் பெற்ற மலைதான் பின்னர் கண்ணன் தேவன் தோட்டங்களானது. 1971-ல் கேரள அரசு தனிச் சட்டம் இயற்றி அந்த நிலங்களை மீட்டது. விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் நிலம் பகிர்ந்தளிக்கப்படும் என்பது அச்சட்டம் சொன்ன நோக்கம். உச்ச நீதிமன்றமும் 1972-ல் அதை ஏற்றது. தோட்டப் பயிருக்கெனச் சுமார் 57 ஆயிரம் ஏக்கர் நிறுவனத்திடமே விடப்பட்டது. அதில் தேயிலை பறிப்பவரின் குடும்பம் வாழ்வது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயத்தில், ஏறக்குறைய ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள இடத்தில்.

பணி ஓய்வு பெற்றால் அந்த இடத்தையும் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ தோட்ட வேலைக்குச் சேர்ந்தால் கூரை தொடரும். பட்டப்படிப்பு முடித்த பிள்ளையைக் கொழுந்து பறிக்க அனுப்பும் பெற்றோரின் கணக்கில் கூலியைவிட வீட்டுக்கே முதலிடம்.

பழைய வெள்ளைக்கார மேலாளர்களின் பங்களாக்கள் பல இன்று சுற்றுலாப் பயணியர் தங்கும் இல்லங்களாகிவிட்டன. நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 2012-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தோட்ட நிலத்தில் 5 சதவீதம் வரை மலர் சாகுபடி, பால் பண்ணை, ஓட்டல், சுற்றுலா விடுதி போன்றவற்றுக்குப் பயன்படுத்த வழி செய்தது. தொழிலாளிக்கு உரிமையாகும் வீடு என்ற ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை.

பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதியில் வழக்கு வேறு. அங்கு குத்தகை நிபந்தனை மீறப்பட்டதாகக் கூறி அரசே தோட்டங்களைத் திரும்பப் பெற முற்பட்டது. அந்த வழக்குகளில் வாதம் நடந்தது அரசுக்கும் குத்தகைதாரருக்கும் இடையே. லயத்தில் இருப்பவர் வழக்கில் ஒரு தரப்பே அல்ல.

பெட்டிமுடிக்குப் பிறகு

2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு சாலையை மறித்த 'பெண்கள் ஒற்றுமை' அமைப்பினர், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் போராடினர். லயங்களின் நிலையும் அப்போது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. போனஸ் பிரச்னை தீர்ந்தது; குடியிருப்புப் பிரச்னை தள்ளிப்போனது.

5 ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து 4 லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மறுநாள் நிகழ்ந்த கோழிக்கோடு விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்குக் கேரள அரசு ரூ.10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு ரூ.5 லட்சம். இந்த வேறுபாடு தமிழகத்தில் எழுப்பிய கசப்பு எளிதில் மறையவில்லை.

இழப்பீட்டை நிர்வாகத்திடம் கோரலாமே என்பவர்கள் 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். நிர்வாகம் தந்த வீடு இடிந்து உயிரிழப்பு நேர்ந்தால் முதலாளியே பொறுப்பு என்கிறது அதன் 16-ஏ பிரிவு. ஆனால் இடிந்ததற்கு இயற்கைச் சீற்றம் மட்டுமே நேரடிக் காரணம் என்றால் அந்தப் பொறுப்பு இல்லை என்றும் அதே வாக்கியம் சொல்கிறது. அந்தச் சரிவின் அடியில் லயம் கட்ட இடம் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவில்லை.

உயிர் தப்பிய 8 குடும்பங்களுக்குக் குற்றியாறுவேலியில் அரசு ஒதுக்கிய நிலத்தில் நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. 8 குடும்பங்கள் சொந்த வீட்டை அடைய 70 உயிர்கள் போக வேண்டியிருந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

பெட்டிமுடியில் மண் காய்வதற்குள், அதே ஆண்டு செப்டம்பர் 22, 23 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நிறைவேற்றின. மாநிலங்களவை உறுப்பினர்கள் 8 பேரின் இடைநீக்கத்தைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவைகளைப் புறக்கணித்திருந்ததால், தோட்டத் தொழிலாளர் சட்டம் விடைபெற்றபோது எதிர்த்துப் பேச எதிர் வரிசையில் ஆள் இல்லை. புதிய சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. வீடு, குடிநீர், கழிப்பறை தர வேண்டிய கடமை அதிலும் தொடர்கிறது. ஆனால் அவ்வசதிகளை முதலாளி சொந்தச் செலவிலோ, அரசுத் திட்டங்கள் வழியாகவோ அளிக்கலாம். செலவு அரசுக்கு இடம் மாறலாம் என்றான பிறகும், வீடு தொழிலாளிக்கு உரிமையாகும் என்று ஒரு வரி சேர்க்கப்படவில்லை.

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலிலும் நிலம் மாநிலப் பட்டியலிலும் இருப்பது இரு அரசுகளுக்குமே வசதி. தில்லி திருவனந்தபுரத்தைக் காட்டும். திருவனந்தபுரம் தில்லியைக் காட்டும்.

இந்த இழுபறிக்கு ஒரு முன்கதை உண்டு. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரியபோது, அங்கு தமிழர் எண்ணிக்கையில் பெரும்பகுதி தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்ற வாதத்தை 1955-ல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் ஏற்றது. 1956 நவம்பர் 1-ல் இரு தாலுகாக்களும் கேரளத்துடன் நின்றன. எல்லை பற்றிய முடிவை இன்று யாரும் மாற்றப் போவதில்லை. ஆனால் வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு நீடிக்கும் வரை, 4-வது தலைமுறையும் ஏட்டில் வந்து போகிறவராகவே இருக்கிறது.

சட்டம் இடம் தராது என்ற பதிலுக்கு வயநாட்டில் எதிர்ச்சான்று கிடைத்துள்ளது. 2024 ஜூலை 30-ம் தேதி முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவுக்குப் பின், கல்பற்றா எல்ஸ்டன் தேயிலைத் தோட்டத்தைப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் கேரள அரசு எடுத்துக்கொண்டது. உயர் நீதிமன்றம் இதை 2024 டிசம்பரில் அனுமதித்தது. குடும்பத்துக்கு 7 சென்ட் நிலமும் ஆயிரம் சதுர அடி வீடும் என்ற திட்டத்துக்கு 2025 மார்ச் 27-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. தோட்ட நிலம் வீட்டு நிலமாக மாறியதால் அங்கு எந்தச் சட்டமும் இடிந்துவிடவில்லை. இடுக்கியில் அதே மாற்றத்துக்குப் பேரிடர் வரும் முன்பே அனுமதி தரலாமா என்ற கோப்பு இன்னும் தொடங்கப்படவில்லை.