கொழுந்து வாடிய மாடியில் ஒரு கட்டில்

திம்புள்ளயில் எந்த வளைவில் பஸ் திரும்பினாலும் தகரம் போர்த்திய ஒரு தேயிலை ஃபெக்டரி கண்ணில் படும். மேல்மாடிகளில் வரிசை வரிசையாக ஜன்னல். யார் எட்டிப் பார்க்க அத்தனை ஜன்னல்? உள்ளே ஏறிப் பார்த்ததிலிருந்து, அந்தக் கட்டடமே ஒரு மெஷின் என்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்!

ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். குறைகிற எடையெல்லாம் தண்ணீர். அதைக் காற்றும் நெருப்பும்தான் விரட்ட வேண்டும். அந்தக் காலத்தில் மேல்மாடியில் அடுக்கடுக்காகச் சாக்குத் தட்டுகள் கட்டிக் கொழுந்தைப் பரப்பினார்கள். காற்றடிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்தால் போதும். மழை நாளில், கீழே டிரையர் அடுப்பின் சூட்டைப் பெரிய விசிறிகள் மேலே இழுத்துவரும். தூளைக் காய வைத்த அதே விறகு கொழுந்தையும் வாட்டிவிடும். வாடிய கொழுந்தை மாடியிலிருந்து கீழே ரோலருக்குத் தள்ளிவிட்டால் ஆயிற்று. கீழே விழுவதற்கு எந்தச் சபையும் மின்கட்டணம் கேட்காது.

ஃபெக்டரி மூடிவிட்டால்? பெரும்பாலும் தகரம் போகும், பிறகு கதவு நிலை, பிறகு எல்லாம். கந்தப்பளையில் வேறு கதை. ஹெதர்செட் தோட்டத்து ஃபெக்டரி மூடிக் கிடந்து, 1996இல் எய்ட்கன் ஸ்பென்ஸ் குழுமத்தின் ஹோட்டலாகத் திறந்தது. இன்றைக்கு அதன் பெயர் ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே, வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் ஃபெக்டரியேதான். கொழுந்து லொறி இப்போது வந்து நிற்கும் என்று தோன்றும்.

உள்ளே போனால் தலை சுற்றுகிறது. ஒரு காலத்தில் ஃபெக்டரியையே ஓட்டிய பழைய எஞ்சின் குழிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரும்புத் தூண்களை யாரும் மூடி மறைக்கவில்லை. கொழுந்து வாடிய மாடிகளில் இப்போது கட்டில்கள்! அறைக்கு அறை மலைக்காட்சி கிடைப்பது ஹோட்டல்காரர்களின் தாராளமல்ல. கொழுந்துக்குக் காற்று வேண்டும் என்று எவரோ வைத்த ஜன்னல்கள் அவை. முற்றத்தில் ஒரு பழைய ரயில் பெட்டி, டி.சி.கே. 6685 என்ற பெயரில் சாப்பாட்டு அறையாகிவிட்டது. நானுஓயாவிலிருந்து இராகலை வரை கந்தப்பளை வழியாக ஓடிய குட்டி ரயில் பாதையை 1948இல் மூடிவிட்டார்கள் என்பது தெரிந்தால் சூப் இன்னும் ருசிக்கும்.

கொழும்பு மோல்களில் பசுமை என்றால் எல்.ஈ.டி. பல்பு, கூரையில் சோலார், கழிவுநீர் சுத்திகரிப்பு என்று பட்டியல் போடுவார்கள். நல்லதுதான். ஆனால் கட்டி முடிப்பதற்குள்ளேயே சிமெந்துக்கும் இரும்புக்கும் எரிந்த எரிபொருள் எந்த மின்பட்டியலிலும் வராது. ஹெதர்செட்டின் இரும்புக்கு எரிந்தது எப்போதோ எரிந்து முடிந்த கணக்கு. அதே இரும்பு இன்னொரு தலைமுறைக்கு உழைக்கிறது. (பழையதைப் பேணுகிறோம் என்ற பெயரில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தையும் அப்படியே விட்டுவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கொழுந்து வாடிய மாடிக்கு வெந்நீர்க் குழாய் போட முடியுமானால் லயத்துக்கு மாற்றாக ஒரு வீடு கட்டவும் முடியும்.)

ஆகவே ஹட்டன் பக்கம் மோல் கட்ட யோசிக்கிற முதலாளிமாருக்கு ஒரு யோசனை. புதிதாக மலையை வெட்டாதீர்கள், மூடிய ஃபெக்டரி ஒன்றைத் தேடுங்கள். துணிக்கடைக்கு வாட்டும் மாடி, சாப்பாட்டுக் கடைகளுக்கு ரோலர் தளம், வாகனம் நிறுத்தக் கொழுந்து லொறி திரும்பிய முற்றம். எங்கள் குளிருக்கு ஏசியும் தேவையில்லை. திறப்பு விழாவுக்குக் கட்டாயம் அழையுங்கள், ஜன்னல்களையெல்லாம் நானே வந்து திறந்துவிடுகிறேன்!