ஸ்டுட்கார்ட் சிற்பிகளுக்கு ஒரு விண்ணப்பம்

மோட்டார் உலகத்தில் பெயர்கள் தோன்றுவதும் மறைவதும் நித்திய நிகழ்ச்சியாக இருக்க, ஒரே பெயரைத் தாங்கி, தலைமுறைக்குத் தலைமுறை உருவம் மாறி, எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ரசிகர்களின் பிரேமையை இழக்காமல் வாழ்ந்துவரும் திறந்த கார் ஒன்று உண்டென்றால், அது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மெர்ஸிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் படைத்த எஸ்.எல். தான். அதன் இப்போதைய தலைமுறை 2021ஆம் ஆண்டு வெளிவந்தது. வேகத்திலும் வசதியிலும் வேலைப்பாட்டிலும் அதைக் குறைகூற வல்லவர் அதிகம் பேர் இரார். ஆயினும், பழைய எஸ்.எல். வண்டிகளை நேசித்த கண்ணுடன் இதை நோக்கும்போது, அந்த வம்சத்தின் ஜீவகுணமாக விளங்கிய லாகவம் இந்த வாரிசிடம் வெகுவாகக் குன்றிப்போயிருப்பதாகவே எனக்குப் படுகிறது. அடுத்த எஸ்.எல். எவ்வாறு அமைதல் வேண்டும் என்ற சிந்தனையை அந்தக் குணத்திலிருந்தே தொடங்குவது முறை.

யுத்தத்தின் அழிவிலிருந்து அப்போதுதான் எழுந்து நின்ற நிறுவனம், 1952ஆம் ஆண்டு மீண்டும் பந்தயக் களத்தில் இறங்கத் துணிந்தபோது, அதற்கென்று புதிய எஞ்சின் ஒன்றை நிர்மாணிக்காமல், 300 என்ற பெரிய ஸெடான் வண்டியின் ஆறு சிலிண்டர் எஞ்சினையே எடுத்துக்கொண்டது. அந்த எஞ்சினோ கனமானது. அதன் கனத்தைக் குறைக்க இயலாதென்றால் மற்றவற்றின் கனத்தைக் குறைப்பதே வழி என்று கண்ட ருடால்ஃப் உஹ்லன்ஹௌட் என்ற மேதை, மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து, சுமார் 50 கிலோ எடையே உள்ள ஒரு கூட்டை அமைத்தார். வலிமையின் பொருட்டு அந்தக் கூடு இரு பக்கங்களிலும் உயரமாக எழும்பியமையால், வழக்கமான கதவுகளுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று; ஆகவே கதவுகளுக்குக் கூரையிலே கீல் வைத்து, அவை மேல்நோக்கித் திறக்குமாறு செய்தார்கள். உலகமெல்லாம் கண்டு வியந்த அந்தச் சிறகுக் கதவுகள், எடையைக் குறைக்கச் செய்த தவத்தின் பலனாகத் தாமே வந்து வாய்த்தவை. அந்த வண்டி அதே ஆண்டில் பிரான்ஸ் தேசத்து லெ மான் 24 மணிப் பந்தயத்திலும், மெக்ஸிகோவின் கரேரா பனமெரிக்கானாவிலும் வெற்றி வாகை சூடியது. நியூயார்க் நகரத்து இறக்குமதி வணிகர் மாக்ஸ் ஹாஃப்மன் விடாது வற்புறுத்தியதன் பயனாக, 1954 பிப்ரவரியில் அந்நகரத்துக் கண்காட்சியில், சாலைக்கு ஏற்றவாறு திருத்தப்பெற்ற 300 எஸ்.எல். அரங்கேறிற்று. 1957இல் கூட்டின் பக்கங்களைத் தாழ்த்திச் சாதாரணக் கதவுகளைப் பொருத்தி, கூரையையும் மடக்கத் தக்கதாக்கி வெளியிட்ட ரோட்ஸ்டர் வண்டிகள், 1963 வரையில் மொத்தம் 1,858 மட்டுமே தயாராயின.

எனினும், என் உள்ளத்தில் ஆதர்சமாக நிலைத்திருக்கும் எஸ்.எல். அதற்கு அடுத்து வந்தது. 1963 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் திரை விலகியபோது காட்சி தந்த 230 எஸ்.எல்., ஃப்ரீட்ரிஷ் கைகரின் தலைமையில் பால் பிராக் என்ற பிரெஞ்சு இளைஞர் வரைந்த கோடுகளால் ஆனது. கழற்றி மாட்டத்தக்க அதன் கெட்டிக்கூரை, நடுவில் சற்றே தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்திருந்தமையால், கீழ்த்திசை ஆலயங்களின் கூரையை ஐரோப்பியர்க்கு நினைவூட்டிற்று; பகோடா என்ற செல்லப்பெயர் அந்த வண்டிக்கு அதனால் வந்தது. பார்ப்பதற்கு விளையாட்டுபோலத் தோன்றும் அந்தக் குழிவில் எத்தனை யோசனை அடங்கியிருக்கிறது! ஓரங்கள் உயர்ந்தமையால் பக்கக் கண்ணாடிகள் உயரமாயின. ஏறுவோர் தலை குனிந்து வருந்த வேண்டியதில்லை. ஓட்டுபவர் நாற்புறமும் தடையின்றிப் பார்க்கலாம். வளைவினாலேயே வலிமை கூடியபடியால் கூரைக்குக் கனமான தகடும் வேண்டியிருக்கவில்லை. விபத்தில் வண்டியின் முன்பாகமும் பின்பாகமும் நசுங்கி அதிர்ச்சியை ஏற்று, நடுவில் இருப்போரைக் காக்க வேண்டும் என்ற பொறியியலார் பெலா பரேனியின் தத்துவம், ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் முதன்முதலாக இடம்பெற்றதும் இந்த வண்டியில்தான்.

அறிமுக விழாவின்போது, ஜெனீவாவை அடுத்துள்ள ஆனெமாஸ் என்ற ஊரின் சிறிய பந்தயப் பாதையில் நடந்ததைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. மைக் பார்க்ஸ் என்ற பந்தய வீரர், பன்னிரண்டு சிலிண்டர் பூண்ட ஃபெராரி 250 ஜி.டி. வண்டியில் அப்பாதையை 47.3 வினாடியில் சுற்றிவந்தார். ஐம்பது வயதைக் கடந்துவிட்ட உஹ்லன்ஹௌட், 150 குதிரைசக்தியே உடைய 230 எஸ்.எல். வண்டியில் ஏறி அதே பாதையை 47.5 வினாடியில் சுற்றினார். சுமார் 1,300 கிலோ எடையும், 4,285 மில்லிமீட்டர் நீளமும், 1,760 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு சொகுசு வண்டி, தன்னைக்காட்டிலும் ஆற்றலும் விலையும் மிகுந்த ஃபெராரியோடு தோள் உரசி நின்றதென்றால், அதன் ரகசியம் எஞ்சினில் மட்டும் இருக்கவில்லை. அவ்வாண்டில் ஸ்பா, ஸோஃபியா, லியேஜ் நகரங்களை இணைத்து நடந்த கடுமையான நெடும்பயணப் போட்டியில் ஓய்கன் போரிங்கர் இதே வண்டியை ஓட்டி வாகை சூடியபோது, இதன் தேகக்கட்டையும் உலகம் அறிந்துகொண்டது.

1971இல் வந்த வாரிசு கனத்தவன்; ஆயினும் பதினெட்டு ஆண்டுகள் உருவம் குலையாமல் 237,287 வண்டிகளாகப் பெருகி வாழ்ந்தான். அதன்பின் 1989இல் புரூனோ ஸாக்கோவின் மேற்பார்வையில் பிறந்த தலைமுறையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில், பழைமை கெடாமல் ஒரு வண்டியைப் புதுப்பிப்பது எப்படி என்பதற்கு அதைவிட உயர்ந்த உதாரணம் எனக்குத் தெரியாது. திறந்த காரில் செல்வோருக்கு இருந்துவந்த பெரிய அச்சம், வண்டி கவிழ்ந்தால் தலைக்குமேல் தடுப்பு ஏதுமில்லையே என்பது. நிரந்தரமாக ஒரு வளைகம்பியை இருக்கைகளுக்குப் பின்னால் நட்டுவிட்டால் அச்சம் தீரும். ஆனால் வண்டியின் அழகும் தீர்ந்துபோம். பொறியியலார் அந்தக் கம்பியைப் பின்புறம் படுக்கவைத்து மறைத்துவிட்டு, வண்டி புரளப்போவதை உணர்கருவிகள் அறிந்த மாத்திரத்தில் 0.3 வினாடிக்குள் அது துள்ளி எழுந்து நிற்குமாறு செய்தார்கள். ஆயுட்காலம் முழுவதும் ஒருமுறைகூட எழாமலே இருக்கக்கூடிய ஒரு காவலன்! கண்ணுக்குத் தெரியாமல் காத்து நின்று, தேவை நேர்ந்த கணத்தில் மட்டும் வெளிப்படும் அந்தப் பண்பே, ஒரு பழம்பெரும் வண்டியில் புதுமையைச் சேர்ப்பதற்கு உரிய இலக்கணம் என்பது என் துணிபு.

2001ஆம் ஆண்டுத் தலைமுறையில் அந்த இலக்கணம் தளர்ந்தது. பதினாறு வினாடியில் மடிந்து டிக்கிக்குள் அடங்கும் உலோகக் கூரை அப்போது பெரும் அதிசயமாகக் கொண்டாடப்பட்டது. குளிர்நாட்டார்க்கு அது பெரிய சௌகரியம் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், வானத்தை விரும்பி வாங்கும் வண்டியில், வானத்தைக் காணும்பொழுதெல்லாம் மோட்டார்களும் தகடுகளும் கண்ணாடியுமாகப் பெருஞ்சுமையொன்று பின்சக்கரங்களின்மேல் போய் அமர்கிறது. பெட்டி வைக்க இருந்த இடத்தையும் அது விழுங்கிவிடுகிறது. 2012இல் உடற்கூட்டை ஏறக்குறைய முழுவதும் அலுமினியத்தால் செய்து நூறு கிலோவுக்கும் மேல் குறைத்தபோதும், அந்தக் கூரையை விட்டொழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 2021இல்தான் துணிக்கூரை திரும்பிற்று. மூன்று அடுக்குத் துணியாலான அது முந்தியதைவிட 21 கிலோ குறைவு. 60 கிலோமீட்டர் வேகம் வரையில் ஓடும்போதே பதினைந்து வினாடியில் திறக்கிறது. இதைச் செய்தவர்களை நான் மனமார வாழ்த்துகிறேன்.

வாழ்த்திய வாயால் வருத்தத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. துணிக்கூரையால் கிடைத்த லாபத்தை அந்த வண்டியே பல வழிகளில் செலவழித்துவிட்டது. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேற்பட்டவர் அமர முடியாத இரண்டு பின்னிருக்கைகளுக்கு இடம் தேடியதனால், முன்பின் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரம் 2,585 மில்லிமீட்டரிலிருந்து 2,700க்கு நீண்டது. நீண்ட வண்டி வளைவுகளில் தயங்கும் ஆதலால், பின்சக்கரங்களும் திரும்பும்படி ஒரு பொறி வந்தது. எட்டு சிலிண்டர் எஞ்சினின் அளவிறந்த வலிமையைத் தரைக்குக் கொண்டுசேர்க்க நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை வந்தது. அத்தனை கனத்தை நிறுத்தப் பெரிய பிரேக்கு. அந்தப் பிரேக்கை உள்ளடக்கப் பெரிய சக்கரம். அந்தச் சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கச் சிக்கலான ஸஸ்பென்ஷன். இவ்வாறு ஒரு சுமை மற்றொரு சுமையைக் கைப்பிடித்து அழைத்துவந்ததன் முடிவில், எஸ்.எல். 63 என்னும் வண்டி 1,900 கிலோவையும், மின்மோட்டாரும் சேர்ந்து 816 குதிரைசக்தி தரும் அதன் கலப்பின வடிவம் 2,000 கிலோவையும் கடந்துவிட்டன. பகோடாவின் 14 அங்குலச் சக்கரம் நின்ற இடத்தில் இன்று 21 அங்குலச் சக்கரம் வரையில் நிற்கிறது.

நான் மனத்தில் காணும் எஸ்.எல். இந்தச் சங்கிலியைத் தலைகீழாக நடத்துகிறது. முதலில் பின்னிருக்கைகள் போகட்டும். 2024இல் வெளியிட்ட மேபாக் எஸ்.எல். வண்டியில் நிறுவனத்தாரே அவற்றை நீக்கி இருவர்க்குரியதாக்கியிருக்கிறார்கள்; ஆகவே இது அவர்களுக்கு அந்நியமான யோசனையன்று. இருக்கைகள் போனால் சக்கர இடைவெளி 2,500 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கலாம். சுருங்கினால் பின்சக்கரம் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆற்றலை 400 குதிரைக்குள் நிறுத்தினால் பின்சக்கர இழுவிசையே போதும்; பிரேக்கும் டயரும் தாமே மெலியும். 1,600 கிலோ என்று நான் ஒரு வரம்பு கட்டுவேன். இது பகற்கனவு என்று எவரும் தள்ளிவிட முடியாது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினும் துணிக்கூரையும் உடைய பி.எம்.டபிள்யூ. இஸட்4, பெரும்பாலும் எஃகாலான உடலோடே அந்த வரம்பை ஒட்டி நின்றது. அலுமினிய வித்தையில் கைதேர்ந்த எஸ்.எல். கர்த்தாக்கள் அதைச் சாதிக்க மாட்டார்களா?

எஞ்சின் விஷயத்தில் என் விருப்பம் திட்டமானது: ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். சிறகுக் கதவு வண்டிக்கும் பகோடாவுக்கும் இருந்தது அதுவே. 1990களின் பிற்பகுதியில் எஸ்.எல். அதை இழந்தது. வரிசை ஆறில் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதால், எதிரெடைத் தண்டுகளின் உதவி இல்லாமலே அது இயல்பாக அதிர்வின்றிச் சுழலும். திறந்த வண்டியில் செல்பவர் செவியில் விழும் நாதமும் அதனால் சுத்தமாயிருக்கும். இப்போது அடிநிலை எஸ்.எல். தாங்கிவரும் இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டரை, முன்பாகத்தின் கனத்தைக் குறைத்த நன்றிக்காக நான் மதிக்கிறேன். ஆனால் அதன் குரல் இந்த வம்சத்தின் குரலன்று. 2017 முதல் இந்நிறுவனமே 48 வோல்ட் மின்துணையோடு அருமையான வரிசை ஆறு ஒன்றைச் செய்துவருகிறது. அதையும், வழுக்கிக்கொண்டு மாறும் ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக்கையும் இங்கே வைத்துவிட்டால் போதும். கையால் மாற்றும் கியரே ரசனைக்கு அடையாளம் என்போர் உண்டு. எஸ்.எல். விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் நிற்கவில்லை; 230 எஸ்.எல். வண்டியே ஆட்டோமேட்டிக் கியரோடும் கிடைத்தது. அதைப் பூண்டவர் எவரும் வண்டியின் சுவையை இழந்துவிடவில்லை.

மின்சாரத்தில் ஓடினால் என்ன என்ற கேள்வி நியாயமானது. ஓசையற்ற திறந்த காரில் மலைச்சாலையில் செல்லும்போது குயிலும் அருவியும் காதில் விழும் என்ற எண்ணமே இனிக்கிறது. ஆயினும், இன்றைய நிலையில் நெடும்பிரயாணத்துக்குப் போதுமான பாட்டரி மட்டுமே பல நூறு கிலோ நிறுக்கும். கூரை இல்லாத வண்டி, கூரை தரும் விறைப்பையும் இழந்துவிடுவதால், அடித்தளத்தைத் தடிப்பாக்கி ஏற்கெனவே ஓர் அபராதம் செலுத்திவருகிறது. அதன்மேல் இதுவும் சேர்ந்தால் லாகவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2021இல் நிறுவனத்தார் வாங்கிய இங்கிலாந்தின் யாஸா என்ற கம்பெனி செய்யும் மெல்லிய தட்டு மோட்டார்கள் வியக்கத்தக்கவை. அவற்றுக்கு ஈடாகப் பாட்டரியும் மெலியும் நாள் வரும்போது, மின்சார எஸ்.எல். வண்டியை நானே முதலில் வரவேற்பேன். அந்நாள் வரையில் அவசரம் வேண்டாம்.

வண்டிக்குள் என்ன வேண்டும்? இப்போதைய எஸ்.எல். வண்டியின் நடுவில் 11.9 அங்குலத் திரை ஒன்று நிற்கிறது. கூரை திறந்திருக்கும்போது வெயில் பட்டுத் திரை மங்கும் என்பதால், அதை 12 பாகையிலிருந்து 32 பாகை வரையில் சாய்க்க ஒரு மோட்டார் வைத்திருக்கிறார்கள். அந்த மோட்டாரைக் கண்டபோதே, அந்தத் திரை அந்த இடத்துக்கு உரியதன்று என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். வெயிலிலும் காற்றிலும் செல்பவருக்குக் கை தடவியறியும் உலோகத் திருகுகள் வேண்டும். குளிர்காற்றுக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. வழிகாட்டும் வரைபடத்துக்கு முள் மீட்டர்களின் நடுவே சிறு சாளரம் போதும். தலையணைப் பட்டையிலிருந்து கழுத்தின்மேல் வெதுவெதுப்பான காற்றை வீசும் பொறி மட்டும் அவசியம் இருக்கட்டும்; குளிர்காலத்திலும் கூரையைத் திறக்கத் தூண்டும் அந்தச் சிறு கருணை, எத்தனையோ குதிரைசக்தியைவிட மேலானது.

புறத்தோற்றத்தில் நான் அதிகம் கேட்கவில்லை. மெல்லிய தூண்கள், தாழ்ந்த இடைக்கோடு, அதன்மேல் உயரமான கண்ணாடிகள். விரும்புவோர்க்கு மாத்திரம், மழைக்காலம் வந்தால் மாட்டி, கழிந்தால் கழற்றி வைக்க, நடுக்குழிந்த கெட்டிக்கூரை ஒன்று. அகலம் 1,850 மில்லிமீட்டருக்கு மேற்படாத உடல்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக ஒன்று கேட்பேன். 1963இல் விற்ற 230 எஸ்.எல். வண்டிக்கு வேண்டிய உதிரிப்பாகங்களை நிறுவனத்தின் பழவண்டிப் பிரிவு இன்றும் வழங்கிவருகிறது. அதனால்தான் தந்தை ஓட்டிய வண்டியை மகளும், அவள் ஓட்டியதை அவள் பிள்ளையும் ஓட்ட முடிகிறது. அடுத்த எஸ்.எல். வண்டியின் எந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியும், எந்தத் திரையும், எந்த உணர்கருவியும், அறுபது ஆண்டு கழித்துப் பட்டறையில் ஒரு கைதேர்ந்த மெக்கானிக் கழற்றிவிட்டு மாற்றொன்றைப் பொருத்தத் தக்கதாக இருக்க வேண்டும். அவ்வாறு மாற்ற இயலாத சாதனம் எதுவாயினும், எத்தனை அதிசயமானதாயினும், இந்த வண்டியில் அதை ஏற்றலாகாது.